நவ்டாக்: ரை விஸ்கியும் இலுப்பைப்பூவும் என் ஆச்சியும்

நீண்ட பதிவு. பொறுமை உள்ளவர்கள் தொடரலாம். ஒரு பெண் மதுவைச் சுவைத்துப் பார்த்து எழுதுவது குறித்த அறிவுரைகளை வேறோர் இடத்தில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். மகாராஷ்டிரத்தில் குடிப்பதற்கு இன்றும் சட்டப்படி உரிமச் சீட்டு வேண்டும். அது என்னிடம் இருந்தது.

சென்ற மாதம் செம்பூரில் எங்கள் வீட்டு மேசைமீது இரண்டு குப்பிகள் இருந்தன. ஒன்று, பிட்ஸ்பர்கில் படிக்கும் தோழி கொண்டுவந்த பென்சில்வேனிய ரை விஸ்கி. மற்றொன்று, இங்கே வாங்கிய மஹுவா, அதாவது இலுப்பையின் வடநாட்டு உறவான மரத்தின் பூவிலிருந்து வடித்த மது. பக்கத்து வீட்டு மராத்தியப் பெண்மணி முதல் குப்பியைக் கையில் எடுத்து, "கடுகிலா விஸ்கி செய்கிறார்கள்?" என்று வியந்தார். அவர் மீது தவறில்லை. இந்தியிலும் மராத்தி வட்டாரங்களிலும் ராய் என்றால் கடுகு. அமெரிக்க ரையோ கோதுமைக்கும் வாற்கோதுமைக்கும் உறவான ஒரு குளிர்நாட்டுத் தானியம். நம் மண்ணில் விளையாததால் தமிழில் அதற்குப் பெயரும் இல்லை. பெயரில்லாத தானியத்தின் மதுவைச் சுவைக்கும்போது நாக்கு தனக்குத் தெரிந்தவற்றைத் துணைக்கு அழைக்கிறது. எனக்கு முதலில் வந்தது மிளகு; அடுத்துக் கிராம்பு; விழுங்கிய பின் தொண்டையில் நின்றது, வறுத்த தானியத்தை உரலில் இடிக்கும்போது எழும் புழுதியின் மணம். சோளத்தில் வடிக்கும் பூர்பன் விஸ்கியின் இனிப்பு இதில் அறவே இல்லை. சற்றே முரட்டுத்தனமான, உலர்ந்த சுவை.

இந்தச் சுவைக்கு ஓர் ஊர்ப்பெயர் உண்டு: மொனாங்கஹீலா. மேற்குப் பென்சில்வேனியாவில் வடக்கு நோக்கி ஓடி, பிட்ஸ்பர்கில் அலெகெனி ஆற்றுடன் கலந்து ஒஹையோவாகும் ஆறு அது. கரை சரிந்து விழும் இடம் என்பது அம்மண்ணின் முதற்குடிகளது மொழியில் அச்சொல்லின் பொருள். ஸ்காட்-ஐரிஷ் குடியேறிகளும் ஜெர்மானியரும் 18ஆம் நூற்றாண்டில் அங்கே ரை பயிரிட்டனர். விளைந்ததை மலை தாண்டிக் கிழக்குச் சந்தைக்குக் கொண்டுபோகச் சாலை இல்லை. ஒரு பொதிகுதிரை 4 புஷல் தானியத்தைத்தான் சுமக்கும். அதையே விஸ்கியாக்கினால் 24 புஷலின் மதிப்பைச் சுமக்கும் என்பது அக்காலக் கணக்கு. ஆகவே வடிகலம் அங்கே ஏர், கோடரி போன்று ஒரு வேளாண் கருவி. நாணயம் அரிதான அந்நாட்டுப்புறத்தில் விஸ்கியே பணமாகவும் கைமாறியது.

1791இல் அலெக்சாண்டர் ஹாமில்டன் விஸ்கி மீது வரி விதித்தார். பெருமளவில் வடிப்பவர் ஆண்டுக்கு ஒரு முறை மொத்தமாகக் கட்டிவிட்டு எவ்வளவும் வடிக்கலாம். அவருக்குக் காலன் ஒன்றின் வரிச்சுமை குறைந்துகொண்டே போகும். நான்கு மாதம் மட்டும் அடுப்பு மூட்டும் சிறு உழவருக்கு அந்தச் சலுகை எட்டாது. வரியைப் பணமாகவும் கட்ட வேண்டும். பணமோ அவரிடம் இல்லை. 1794இல் கிளர்ச்சி வெடித்தது. வரி மேற்பார்வையாளர் ஜான் நெவிலின் பௌவர் ஹில் மாளிகை எரிக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் வாஷிங்டன் ஏறத்தாழ 13,000 பேர் கொண்ட படையைத் திரட்டினார். பிடிபட்டவர்களில் இருவர் மீது தேசத்துரோகம் உறுதியானது. அவர்களுள் ஒருவர் ஃபிலிப் விகிள். இருவரையும் வாஷிங்டனே மன்னித்தார். அதே வாஷிங்டன் பதவியிலிருந்து இறங்கியதும் 1797இல் மவுண்ட் வெர்னனில் சொந்தமாக வடிசாலை தொடங்கி, 1799இல் கிட்டத்தட்ட 11,000 காலன் விஸ்கி வடித்தார். அதிலும் முதன்மைத் தானியம் ரைதான். இந்தத் தகவலை முதன்முதலில் படித்தபோது நூலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

வரி 1802இல் நீங்கியது. மொனாங்கஹீலா ரை அடுத்த ஒரு நூற்றாண்டு அமெரிக்காவின் பெரும்புகழ் மதுவாக இருந்தது. மெல்வில் 1851இல் எழுதிய 'மோபி டிக்' நாவலில்கூட அதன் பெயர் வருகிறது. 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கு அதன் முதுகெலும்பை உடைத்தது. மருந்து விஸ்கிக்கான உரிமம் பெற்ற சில பெரிய நிறுவனங்கள் மட்டும் பிழைத்தன. பின்னர்ச் சோள விஸ்கியின் இனிப்புக்கு நாடு பழகிவிட்டது. பென்சில்வேனியாவின் ஓவர்ஹோல்ட் என்னும் பழம்பெயர் இன்று கெண்டக்கியில் வடித்த விஸ்கியின் குப்பியில் ஒட்டப்பட்டிருக்கிறது. கடந்த பதினைந்து ஆண்டுகளில்தான் பென்சில்வேனியாவில் மீண்டும் சிறு வடிசாலைகள் எழுந்துள்ளன. அவற்றுள் ஒன்றன் பெயர் விகிள். தூக்குக்குத் தீர்ப்பிடப்பட்டவரின் பெயர் குப்பியின் முகப்பில் இருக்கிறது.

இவ்வளவும் தோழி சொல்லக் கேட்டும், பின்னர் படித்தும் அறிந்தவை. அன்று மாலை அவள் கேட்ட கேள்விதான் இப்பதிவுக்குக் காரணம். "சரி, உன் ஊரின் மது எது?"

நான் ஆய்வு செய்வது மும்பைத் தமிழின் சொற்களை. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் மூன்றிலும் ஒலிப்பதிவுக் கருவியோடு அலைகிறேன். மராத்தியிலிருந்து வந்த சொற்கள் எவை, கொங்கணியிலிருந்து வந்தவை எவை என்று பட்டியலிடுகிறேன். இந்த நகரின் மது எது என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் விடை இல்லை. கள் என்றேன்; பண்டாரிச் சமூகத்தார் இங்குள்ள தென்னையிலும் பனையிலும் இறக்கியது உண்மைதான். ஆனால் அது வடித்த மது ஆகாது. தேடிப்போனபோதுதான் தெரிந்தது, அந்த விடை இரண்டாவது குப்பியாக மேசையிலேயே இருந்தது.

ஒரு காலத்தில் பம்பாய் குடித்த சாராயத்தில் பெரும்பகுதி துறைமுகத்துக்கு எதிரே, நீர்ப்பரப்பின் மறுகரையிலுள்ள உரணிலிருந்து படகில் வந்தது. அங்கே பார்சிக்காரர்களின் வடிசாலைகள் இருந்தன. மூலப்பொருள் உலர்ந்த மஹுவாப் பூ. தாணே, கொலாபா மாவட்டக் காடுகளில் மட்டுமின்றிக் குஜராத்தின் பஞ்சமகாலிலிருந்தும் அது வந்தது. ஆனால் உரணின் பெருஞ்சாலைகள் இம்மதுவின் பிறப்பிடம் அல்ல. வார்லி, காத்கரி, டாக்கூர் முதலான பழங்குடியினரின் முற்றங்கள்தாம் பிறப்பிடம். பங்குனி, சித்திரை விடியலில் பூ தானாக உதிரும். பெண்களும் குழந்தைகளும் பொறுக்குவர். உலர்ந்த பூவில் எடையின் பாதியளவோ அதற்கு மேலோ சர்க்கரை இருக்கும். அதைச் சில நாள் நீரில் ஊறப்போட்டு, மண்பானையில் ஏற்றி, மேலே இன்னொரு கலத்தைக் கவிழ்த்து, மூங்கில் குழாய் வழியே ஆவியைக் குளிர்வித்து இறக்குவர். பிறப்புக்கும் திருமணத்துக்கும் சாவுக்கும் தெய்வத்துக்கும் அது வேண்டும். பஞ்சத்தில் பூவே சோறு.

1878இல் பம்பாய் ஆப்காரிச் சட்டம் வந்தது. அதன் பின்னணியில் இருந்த அதிகாரி சார்ல்ஸ் பிரிட்சர்ட். ஊர்தோறும் வீட்டு அடுப்பில் வடித்தால் வரி வாங்குவது எப்படி? ஆகவே வடித்தலை மாவட்டத்துக்கு ஒரு மைய வடிசாலைக்குள் அடக்குவது, ஏலம் எடுத்தவருக்கு உரிமை கொடுப்பது, உரிமம் பெற்ற கடையில் மட்டும் விற்பது என்பதே முறை. நேற்றுவரை வழக்கமாக இருந்தது ஒரே சட்டத்தில் குற்றமானது. தெற்குக் குஜராத்தில் இது நிகழ்ந்த விதத்தை டேவிட் ஹார்டிமன் விரிவாக எழுதியிருக்கிறார். 1892இல் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். மஹுவாச் சட்டம் என்றே ஒரு சட்டம் தாணே, கொலாபா மாவட்டங்களுக்காக இயற்றப்பட்டது. சாராயத்தை விட்டுப் பூவையே பிடித்தார்கள். காட்டில் தானே உதிரும் பூவைச் சேர்த்துவைப்பதும் விற்பதும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. ஹாமில்டனுக்குக்கூட ரைக் கதிரைக் குற்றவாளியாக்கும் எண்ணம் தோன்றவில்லை.

இதைப் பழங்குடியின் இனிய பொற்காலம் பறிபோன கதையாக மட்டும் சொல்லிவிட எனக்கு விருப்பமில்லை. கடைமுதலாளி கடன் கொடுப்பவராகவும், கடன் கொடுத்தவர் நிலவுடைமையாளராகவும் மாறியபோது, 1922இல் தெற்குக் குஜராத்துப் பழங்குடியினர் தேவியின் ஆணை என்று சொல்லிக் குடியையே கைவிட்டனர். மதுக்கடைப் பார்சிகளிடம் வேலைக்குப் போவதில்லை என்றும் உறுதி பூண்டனர். அங்கே குடியாமையே கிளர்ச்சி. பென்சில்வேனிய உழவர் மாளிகையை எரித்தார். இவர்கள் கலயத்தைக் கவிழ்த்தார்கள். இரண்டிலும் எதிர்த்து நிற்கப்பட்டது, வீட்டு அடுப்பிலிருந்து மதுவை எடுத்துப்போய்ப் பெருமுதலாளியிடம் சேர்த்த ஏற்பாடுதான்.

இங்கே ஒரு சொல்லாய்வு. என் படிப்பு சும்மா இருக்கவிடாது. மஹுவா, வடமொழி மதூகத்தின் வழிவந்தது. நம் இலுப்பை அதே இனத்தின் தெற்கத்திய வகை. சங்கப் பாடல்களில் அது இருப்பை. அதன் பூவைக் கரடி தின்னும் காட்சி பாலைத்திணையில் வருகிறது. தெலுங்கில் இப்ப, கன்னடத்தில் இப்பெ. தெலுங்கு நாட்டில் இப்பப்பூச் சாராயம் இன்றும் பேச்சில் உண்டு. தமிழ்நாட்டிலோ இலுப்பை, கோயில் விளக்குக்கு எண்ணெயாகவும், ஆலையில்லா ஊருக்குச் சர்க்கரையாகவும் நின்றுவிட்டது. சாராயத்துக்கு நாம் பூவைவிட மரப்பட்டையையே நாடினோம்; வெல்லத்தோடு வெள்வேலம்பட்டையைப் போட்டு ஊறல் வைப்பது நம் வழக்கம். பட்டைச் சாராயம் என்ற பெயர் அதனால் வந்தது. தேறல், நறவு, தோப்பி எனச் சங்க காலத்தில் மதுவுக்கு இருந்த சொற்களில் எதுவும் காய்ச்சி வடித்ததைக் குறிப்பதன்று, எல்லாம் புளித்தவை. தேறல் என்றால் தெளிந்தது. அரபியில் அரக் என்றால் வியர்வை. பானையின் உட்புறம் துளிர்ப்பதைக் கண்டு இட்ட பெயர். ஐரோப்பியர் அதையே உயிர்நீர் என்றனர். விஸ்கி என்னும் அயர்லாந்துச் சொல்லின் பொருளும் அதுதான். வியர்வைக்கும் உயிருக்கும் நடுவில் எந்தப் பெயர் பொருத்தம் என்பதைக் குடித்தவர் முடிவு செய்யட்டும்.

பம்பாய்க்கு வருவோம். 1939 ஆகஸ்டில் காங்கிரஸ் அமைச்சரவை பம்பாய் நகரில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. அதை நடத்திய அமைச்சர் கில்டர் தாமே ஒரு பார்சி. அவ்வாண்டே அமைச்சரவை விலகியதால் முயற்சி தளர்ந்தது. விடுதலைக்குப் பின் மொரார்ஜி தேசாயின் முனைப்பில் 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் வந்தது. 1950 ஏப்ரலிலிருந்து முழு மதுவிலக்கு. அடுத்த ஆண்டே பல்சாரா என்ற பார்சிக் குடிமகன், விஸ்கி, பிராந்தி முதல் ஓடிகொலோன் வரை வைத்திருக்கும் உரிமையைக் கோரி உச்ச நீதிமன்றம் வரை சென்றார். நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தி, மருந்திலும் நறுமணப் பொருளிலும் உள்ள சாராயத்தைத் தடைசெய்த பகுதிகளை மட்டும் நீக்கியது. வசதி படைத்தவருக்கு உடல்நல உரிமச் சீட்டு இருந்தது. மருத்துவர் எழுதித் தந்தால் போதும். அமெரிக்க மருந்து விஸ்கியின் இந்தியப் பிறவி அது. சீட்டு வாங்க வழியில்லாதவர்கள் போன இடங்கள் இரண்டு. ஒன்று, பாந்திராவிலும் கிர்காவிலும் கிறித்தவப் பெண்கள் தம் முன்னறையில் நடத்திய, ஆன்ட்டி என்ற பெயரிலேயே அறியப்பட்ட மதுமனைகள். மற்றொன்று, எங்கள் தாராவி.

தாராவி அப்போது நகரின் எல்லை. மாஹிம் கழிமுகமும் அலையாத்திப் புதரும் சேறும். வடிக்க இதைவிட வாகான இடம் கிடையாது. நீர் உண்டு, மறைவு உண்டு, தோல் பதனிடும் கூடங்களின் நாற்றத்தில் ஊறலின் நாற்றம் தனித்துத் தெரியாது. பீப்பாயைச் சேற்றில் புதைத்து, கறுப்பு வெல்லத்தையும் அழுகிய பழத்தையும் போட்டு, மராத்தியர் நவசாகர் என்றும் நாம் நவச்சாரம் என்றும் சொல்லும் உப்பைச் சேர்ப்பார்கள். இதைக் கேட்டதும் நஞ்சு என்று முகம் சுளிப்பவர் உண்டு. அம்மோனிய உப்பாகையால், சர்க்கரை மட்டும் உள்ள ஊறலில் ஈஸ்டுக்கு வேண்டிய நைட்ரஜனை அது தருகிறது. சமையலறையில் கற்ற வேதியியல் அது. 2015இல் மும்பை மால்வணியில் நூற்றுக்கும் மேற்பட்டோரையும், 2024இல் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரையும் கொன்றது மெத்தனால்; தொழிற்சாலைக்கான அப்பொருளைக் குடிப்பதில் கலந்ததன் விளைவு. வடிக்கவே தேவையில்லாத இடத்தில்தான் அந்தச் சாவு பிறக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

வடித்தது வண்டிச் சக்கரத்தின் உட்குழாய்களில் அடைபட்டு நகருக்குள் போனது. மஹுவாவின் இடம் இப்படித்தான் போயிற்று. காட்டுப்பூவைச் சோதனைச் சாவடிகள் தாண்டி நகருக்குக் கொண்டுவருவது கடினம். வெல்லம் எந்தக் கடையிலும் கிடைக்கும். மதுவிலக்கு குடியை ஒழிக்கவில்லை. அந்த நகரின் மதுவுக்கு இருந்த ஊரையும் பூவையும் மட்டும் ஒழித்தது. ஹாத்பட்டி, அதாவது கைவடிகலம் என்ற கருவியின் பெயரே சாராயத்தின் பெயராகிவிட்டது, சொல்லிக்கொள்ள வேறு பெயர் இல்லாததால். பிற்காலத்தில் அரசு அதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோதும் ஊர்ச்சுவை திரும்பவில்லை. 1973இன் நாட்டுச் சாராய விதிகளின்படி விற்கப்படுவது ஆலைச் சர்க்கரைப் பாகிலிருந்து வடித்து, ஆரஞ்சு மணமும் சாத்துக்குடி மணமும் சேர்த்த ஒன்று. நாட்டுச் சாராயம் என்று அச்சிட்டிருக்கிறது. எந்த நாடு என்று கேட்கக் கூடாது.

இந்தக் கதையில் தமிழரின் இடம் எல்லாரும் அறிந்ததே. ஒரே ஒரு முகம்தான் அனைவர் நினைவிலும் இருக்கிறது. வி.டி. நிலையத்தில் சுமைதூக்கியாகத் தொடங்கி, கள்ளச்சாராயத்தில் வளர்ந்து, மாட்டுங்கா நிலையத்தருகே விநாயகர் பந்தல் போட்டு, 1988இல் சென்னையில் இறந்த வரதராஜ முதலியார். 'நாயகன்' 1987இல் வெளிவந்த பின் வெளியூர்த் தமிழருக்குத் தாராவி என்றாலே அந்தப் படம்தான். அதே மாட்டுங்காவில் வடிகட்டிய காபிக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக்கும் பேர்பெற்ற தமிழர்கள் இருந்தார்கள். ஒரே தொடர்வண்டி நிலையத்தின் இரு பக்கங்களிலும் இரண்டு தமிழ் மும்பைகள். ஒன்று மற்றொன்றைப் பற்றிப் பேசாது. ஒருவரை நாயகன் என்றோ தாதா என்றோ பேசியே தீர்த்துவிட்டதில், அந்தச் சாராயத்தைக் கிண்ணம் கிண்ணமாக ஊற்றிக் கொடுத்து அரிசி வாங்கிய நூற்றுக்கணக்கான பெண்கள் வரலாற்றில் காணாமல் போனார்கள்.

அவர்களில் ஒருவர் என் ஆச்சி.

இது எனக்குச் சென்ற ஆண்டுதான் தெரியும். எங்கள் குடும்பக் கதையில் தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவித் தோல்கூடத்தில் வேலை பார்த்தார், அப்பா படித்தார், செம்பூருக்கு வந்தோம் என்று மூன்று வாக்கியங்கள்தாம் உண்டு. என் ஆய்வுக்காக ஆச்சியிடம் பழைய அளவைச் சொற்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். படி, உழக்கு, ஆழாக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் "நவ்டாக்" என்றார். மராத்தியில் அது சேரில் எட்டில் ஒரு பங்கு. பால் வாங்கும் அளவா என்று கேட்டேன். ஆச்சி சிரித்தார். "பாலுக்கு யாரு நவ்டாக்கு கேப்பா? ராத்திரி கதவத் தட்டிக் கேப்பானுவ."

தாத்தாவின் நுரையீரல் தோல்கூடச் சுண்ணாம்பில் கெட்டுப் படுத்த பிறகு, ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் அவர் வீட்டில் விற்றிருக்கிறார். வடித்ததில்லை, கழிமுகத்துப் பக்கத்திலிருந்து ஒருவர் விடியுமுன் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். அளக்க ஒரு கண்ணாடிக் குவளை, அதுவே நவ்டாக். இரண்டு சேர்ந்தால் பாவ்சேர். மெட்ரிக் அளவை வந்து சேர் என்ற அளவே செத்த பிறகும் அச்சொல் சாராயத்தில் ஒட்டிக்கொண்டு பிழைத்தது. இன்றும் மராத்திப் பேச்சில் நவ்டாக் அடிப்பது என்றால் குடிப்பதுதான். இருமுறை ஆச்சியைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒரு முறை இடுப்பில் கைக்குழந்தை. அக்குழந்தை என் அப்பா.

இதைக் கேட்ட அன்று அப்பா இரவு உணவுக்கு வரவில்லை. "எதுக்கு இப்ப அதெல்லாம்?" என்று மட்டும் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. இப்போதும் முழுதாகத் தெரியாது. தாராவியிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் எதை விட்டுவிட்டு வந்தன என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதுகிறவள், தன் வீட்டில் கேட்கக் கூடாதா என்பது ஒன்று. இன்னொன்று, அந்த ரைக் குப்பியின் முகப்பு. ஒருவர் துரோகியெனத் தீர்ப்புப் பெற்றார். இருநூறு ஆண்டு கழித்து அவர் பெயரால் விற்கிறார்கள். இங்கே ஒரு பெண் இரண்டு இரவு கொட்டடியில் இருந்தார். எழுபது ஆண்டு கழித்தும் மகனுக்கு அது வெட்கம்.

ஆச்சிக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. "எழுது. பேரப் போடாத" என்றார். அவ்வளவுதான் நிபந்தனை.

மஹுவாக் குப்பியைத் திறந்தபோது அவரும் உடன் இருந்தார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. வாழ்நாளில் ஒரு துளி குடித்ததில்லை என்று சத்தியம் செய்வார், நம்புகிறேன். மூக்கருகே பிடித்தேன். முகர்ந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏளா, இது இலுப்பைப்பூல்லா!" தம் ஊர்க் கோயிலடியில் விடியலில் பொறுக்கிய பூ, அதை வறுத்துத் தின்றது, அதிகம் தின்று தலை சுற்றியதற்குத் தாயிடம் அடி வாங்கியது எல்லாம் வந்தன. தாம் விற்ற சரக்குக்கு இந்த வாசம் கிடையாது என்றார். அது எப்படி இருக்கும் என்று கேட்டேன். சற்று யோசித்து, "ரப்பர் வாசம்" என்றார். உட்குழாய்.

நான் சுவைத்த மஹுவா தெளிந்த நீர்போல் இருந்தது. முதலில் உலர்திராட்சையும் பழுத்த இலந்தையும் போன்ற இனிப்பு மணம். நாக்கில் அவ்வளவு இனிப்பில்லை. பின்னால் மெல்லிய புகை, மழை நனைத்த மண். ரையைப் போல் அது சண்டைக்கு வருவதில்லை. மூக்கில்தான் நெடுநேரம் தங்குகிறது. ரை விஸ்கி கரியேற்றிய புது ஓக் பீப்பாயில் கிடந்து நிறமும் பாதிச் சுவையும் பெறுகிறது. இது பூவை மட்டும் நம்பி நிற்கிறது. குறையும் சொல்ல வேண்டும்: சற்று எண்ணெய்ப்பசை இருந்தது, இரண்டாவது மடக்கில் அது எனக்குத் திகட்டியது.

கடந்த சில ஆண்டுகளில் மஹுவாவுக்கு மறுபிறவி கிடைத்துவருகிறது. கோவாவில் வடித்து விற்கிறார்கள். தஹாணுவின் ஒரு வடிசாலை, பார்சிக் குடும்பங்களின் பழைய மஹுராவை மீட்பதாகச் சொல்லி உயர்ந்த விலையில் கொண்டுவந்திருக்கிறது. மத்தியப் பிரதேசம் அதை மரபு மதுவாக அறிவித்து, அலிராஜ்பூரிலும் டிண்டோரியிலும் பழங்குடியினரின் சுயஉதவிக் குழுக்களுக்கே வடிக்கும் உரிமை தந்திருக்கிறது. இந்தக் கடைசி வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. முற்றத்தில் வடித்த வார்லிப் பெண் குற்றவாளியாகவே இருக்க, அதே மது நட்சத்திர விடுதியில் பண்பாடாக ஊற்றப்படுவதை மறுமலர்ச்சி என்று சொல்ல என் நா எழவில்லை.

குப்பியின் விலையை ஆச்சி கேட்டார். சொன்னேன். விரல் மடக்கிக் கணக்குப் போட்டுவிட்டு, அந்தப் பணத்துக்குத் தாம் எத்தனை நவ்டாக் ஊற்றியிருப்பார் என்று சொன்னார். அப்பா அப்போது அறைக்குள் வந்து, ஏதும் சொல்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் குவளைல பச்சைக் கோடு ஒண்ணு இருக்கும்மா, இல்ல?" என்று ஆச்சியிடம் கேட்டார்.

ஒரு வேண்டுகோள். தாராவி, அன்டாப் ஹில், கோலிவாடா, செம்பூர்ச் சேரிகளில் 1950 முதல் 1973 வரை புழங்கிய சாராயத் தொழிற்சொற்களைத் தொகுத்துவருகிறேன். ஊறலின் பெயர்கள், அளவைப் பெயர்கள், ஆள் வருவதை அறிவிக்கும் குறிச்சொற்கள், எவையாயினும் சரி. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு உள்பெட்டியில் எழுதுங்கள். யார் பெயரும் வேண்டாம். சொல்லும், அது வழங்கிய இடமும் போதும்.